வெவ்வேறு நிலையில் இருக்கும் பியானோ மாணவர்களுக்குப் பயிற்சி உருப்படிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்று பேரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: இப்போதுதான் தொடங்கியிருக்கும் எட்டு வயதுப் பெண், இரண்டாம் கிரேடு தேர்வை முடித்த பன்னிரண்டு வயதுப் பையன், நாற்பது தாண்டிய ஒருவர். சென்னையில் பல வருடங்களாக வீட்டிலேயே பியானோ சொல்லித் தருகிறேன். வகுப்பில் நாங்கள் பீஸ் என்றுதான் சொல்வோம்; இங்கே உருப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனை மூன்றாம் கிரேடுக்கான மூன்று உருப்படிகளை மட்டுமே பத்து மாதம் வாசிக்க வைத்தேன். மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. தேர்வு முடிந்த வாரம் ஒரு புதுப் பக்கத்தை எடுத்து வைத்தேன். நான்கு பார்கூட (பார் என்பது ஒரு தாளக் கட்டம்) அவனால் படிக்க முடியவில்லை. விரல்கள் மூன்று பாட்டை மனப்பாடம் செய்திருந்தன, அவ்வளவுதான். அந்தப் பத்து மாதத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அதற்குப் பிறகு என்னிடம் படிக்கும் யாருக்கும் ஒரு சமயத்தில் கடினமான உருப்படி ஒன்றுதான். அதன் கூடவே ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிற எளிய உருப்படிகள் வந்துகொண்டே இருக்கும்.

எது கடினம் என்று பார்க்க கிரேடு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மாணவரை முதல் எட்டு பார்களை மெதுவாக வாசிக்கச் சொல்லி, எங்கெங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே காரணம் என்றால், உதாரணமாக இடது கை தாவுவது மட்டும்தான் சிக்கல் என்றால், அது அவருக்கான உருப்படி. தாவலும் வராது, தாளமும் புரியாது, ஷார்ப்பும் (சுரத்தை அரைப் படி உயர்த்தும் குறி) மறந்துபோகிறது என்றால் ஆறு மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

முதல் எட்டு பார் மட்டும் போதாது என்பதற்கு பீத்தோவனின் ஃபர் எலீஸ் நல்ல உதாரணம். 1810-இல் எழுதியது, அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து 1867-இல்தான் அச்சில் வந்தது. என்னிடம் சேரும் பத்துப் பேரில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். தொடக்கம் யாருக்கும் கைவந்துவிடும். அப்புறம் எஃப் மேஜர் என்ற சுர வரிசையில் ஒரு பகுதி வருகிறது, வலது கையில் பொடிப்பொடியான ஓட்டம். அதையும் தாண்டினால் இடது கை ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, மேலே கனமான கார்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள். முதல் பக்கத்தோடு நின்றுபோனவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். ஒரு உருப்படியைக் கொடுக்கும் முன் அதன் மிகக் கடினமான நான்கு பார்களைத் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்துதான் பாடத்தையே தொடங்க வேண்டும்.

சரி, எட்டு வயதுப் பெண். தொடக்கப் புத்தகங்கள் பலவற்றில் வலது கைக் கட்டைவிரல் எப்போதும் நடு ஸி-யிலேயே உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் சுரத்தைப் படிக்காமல் விரல் எண்ணைப் படித்துப் பழகிவிடுகிறார்கள். அதனால் அந்தப் புத்தகத்தோடு ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் மைக்ரோகாஸ்மோஸ் முதல் தொகுதியையும் சேர்த்துக் கொடுப்பேன். ஆறு தொகுதி, 153 உருப்படிகள். முதல் இரண்டு தொகுதிகளைத் தன் மகன் பீட்டருக்கு அர்ப்பணித்திருக்கிறார். தொடக்க உருப்படிகளில் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். எல்லாம் சில வரிகளில் முடிந்துவிடும். கை வைக்கும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் குழந்தை கண்ணால் படித்தே ஆக வேண்டும்.

அந்தப் பெண் பாட்டு வகுப்புக்கும் போகிறாள் என்றால் இன்னும் நல்லது. மைக்ரோகாஸ்மோஸில் 32-ஆவது டோரியன், 37-ஆவது லிடியன்; இரண்டும் பழைய மேற்கத்திய சுர வரிசைகள். டோரியனில் இருப்பவை கரகரப்பிரியாவின் சுரங்கள், லிடியனில் கல்யாணியின் சுரங்கள். கமகம் இல்லாததால் ராகமாக ஒலிக்காது. ஆனாலும் சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு பிரதி மத்திமம் வரும் இடம் காதில் உடனே பிடிபட்டுவிடும். என்னிடம் ஒரு சிறுமி 37-ஐ வாசித்து முடித்ததும் திரும்பி, "மிஸ், இது கல்யாணி மாதிரி இருக்கே!" என்றாள். அந்த முகத்தை இன்னும் நினைத்துக்கொள்வேன்.

பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கொடுக்க ஏராளமாக இருக்கிறது. நிறையப் புத்தகங்கள் பாக் பெயரில் போடும் ஜி மேஜர் மினுவெட்டை (ஒரு நடன உருப்படி) அவன் ஏற்கெனவே வாசித்திருக்கக்கூடும். பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725-ஆம் ஆண்டு நோட்டில் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. எழுதியவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட். அது சுலபமாக வருகிறது என்றால் பர்க்முல்லரின் ஓபஸ் 100-க்குப் போகலாம் (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). 25 சிறு எட்யூட்கள், அதாவது பயிற்சி உருப்படிகள், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சிக்கலைப் பிடித்துக்கொண்டு எழுதியது. இரண்டாவதான அராபெஸ்க்கில் வலது கை ஐந்து சுரத்தில் ஓடும், இடது கை கார்டு போடும். நடுவில் அதே ஓட்டம் இடது கைக்கு வந்துவிடும். அங்கேதான் நம் மாணவர்கள் தவிப்பார்கள். நாம் கேட்டு வளர்ந்த இசை பெரும்பாலும் ஒற்றை மெட்டு. வலது கை தானாகப் பாடிவிடும், இடது கைக்கு வெறும் துணைவேலை என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பழக்கத்தை மாற்ற பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்களைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. மொத்தம் 15. இரண்டு கைக்கும் சம வேலை. ஆனால் இரண்டாம் கிரேடு முடித்த கையோடு கொடுக்காதீர்கள். அராபெஸ்க், கிளமென்டியின் ஓபஸ் 36-இல் முதல் சொனாட்டினா எல்லாம் நிதானமாக வந்த பிறகு, ஸி மேஜரில் இருக்கும் முதல் இன்வென்ஷனை ஒவ்வொரு கையாகப் பிரித்து ஆரம்பியுங்கள்.

ஹானனின் விரல் பயிற்சிகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் தனியாகக் கொடுப்பதில்லை. உருப்படியில் தடுக்கும் இரண்டு பார்களையே பயிற்சியாக மாற்றிக்கொள்வேன். சினிமாப் பாட்டு கேட்டால் மறுக்கவும் மாட்டேன். வலது கையில் காதால் பிடித்து வாசிக்கட்டும், இடது கையில் ச-ப சேர்த்துப் பிடிக்கட்டும்.

நாற்பது தாண்டியவருக்குக் குழந்தைப் பாட்டு கொடுத்தால் மனம் சுருங்கிவிடும். அவர் காது பெரியவர் காது, விரல்தான் புதிது. அதனால் வேகம் வேண்டாத, ஆனால் முழுமையான இசையைத் தேடுகிறேன். இசைக்குறிப்பு படிக்கப் பழகி ஒரு வருடம் போல ஆனதும் ஷோபானின் ஈ மைனர் ப்ரெலூடைக் கொடுப்பேன். ஓபஸ் 28-இல் நான்காவது, 25 பார் மட்டுமே. மேலே நீளமான மெட்டு, கீழே திரும்பத் திரும்ப வரும் கார்டுகள். அந்தக் கார்டுகள் பெரும்பாலும் ஒவ்வொரு சுரமாகத்தான் நகரும். படிக்க நேரம் ஆகும், வாசிக்க அவசரமே இல்லை. கார்டு மெட்டை மூழ்கடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. இதற்கு அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் மாறும் கீகளும் பெடலும் வேண்டும். அவரிடம் இருப்பது சாதாரண 61 கீ கீபோர்டு என்றால் ப்ரெலூடைத் தள்ளி வைத்துவிட்டு பெட்ஸோல்ட் மினுவெட்டிலேயே தொடங்குங்கள். அது எந்தக் கீபோர்டிலும் நன்றாக ஒலிக்கும்.