பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கிப் பராமரித்து ஓட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாமா? கட்டுப்படியாகுமா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வண்டிக்கு அடியில் படுத்துக் கை கறுப்பாவதில் உங்களுக்குச் சந்தோஷம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டுவது மட்டும் பிடிக்கும், மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைப்பவருக்குப் புது வண்டிதான் நல்லது. செலவும் குறையும், மனமும் நிம்மதியாக இருக்கும். நான் பல வருடங்களாக ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை வைத்திருக்கிறேன். குட்டை வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்), நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய வில்), நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பவர் ஸ்டீயரிங் கிடையாது. அதை மலைப்பாதையில் ஏற்றும்போது கிடைக்கும் சந்தோஷமும், மறுநாள் கீழே படுத்து ஒவ்வொரு நிப்பிளாகக் கிரீஸ் அடிக்கும்போது கிடைப்பதும் எனக்கு ஒன்றுதான்.

இந்த வண்டிகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடிவதற்குக் காரணம், அவை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டன. 1941-இல் வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பில் இருந்தது 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் எஞ்சின். போர்க்களத்தில் கையில் இருக்கும் கருவிகளை வைத்துச் சிப்பாயே பழுதுபார்க்க வேண்டும் என்பது நிலைமை. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் விவசாயிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 1960 முதல் 1984 வரை வந்த டொயோட்டா லேண்ட் க்ரூசர் 40 வரிசையும் அதே வழிதான்: ஏணி போன்ற சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), அதன்மேல் போல்ட் போட்டு நிறுத்திய பாடி. பானெட்டைத் திறந்தால் ஒரு வயர் எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்று விரலாலேயே தொடர்ந்து போகலாம். கம்ப்யூட்டர் எதுவும் குறுக்கே நிற்காது.

வாங்கும்போது பெயின்டையும் எஞ்சின் சத்தத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம், அரித்துப்போன சேஸிஸ்தான் பெரிய தலைவலி. ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே படுங்கள். பின்பக்கக் குறுக்குச் சட்டம், லீஃப் ஸ்பிரிங் சேஸிஸோடு சேரும் இடங்கள், சேறு போய் அடைந்துகொள்ளும் மூலைகள் எல்லாவற்றையும் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்திருந்தால் 'தொப்'பென்று மட்டமான சத்தம் வரும், சில இடத்தில் சுத்தியல் முனையே உள்ளே இறங்கிவிடும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த சேஸிஸாக இருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். பழைய லேண்ட் ரோவரின் பாடி பெரும்பாலும் அலுமினியக் கலவை. போருக்குப் பின் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் அப்படிச் செய்தார்கள். அலுமினியத்தில் செந்துரு வராது, ஆனால் அது எஃகோடு உரசி நிற்கும் இடத்தில் ஈரம் பட்டால் வெள்ளைத் தூளாக உதிரும். அந்த இணைப்புகளையும் பாருங்கள். அப்புறம், உதிரிபாகம் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கும் மாடலாகத் தேர்ந்தெடுங்கள். அபூர்வ வண்டி பார்க்க அழகுதான், ஆனால் ஒரு பிரேக் சிலிண்டருக்காக அது மாதக்கணக்கில் நிற்கும்.

வாங்கியதும் பெரிய டயர், உயரம் கூட்டும் ஸ்பிரிங், வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) என்று கை பரபரக்கும். எல்லாம் பிறகு. முதலில் வண்டி தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பட்டும். எல்லா ஆயிலையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் உடனே மாற்றிவிட வேண்டும். ரப்பர் பிரேக் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கு ஒரே ஒரு சர்க்யூட்தான். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், அதனால் இதில் சமரசமே கூடாது. கியர் பாக்ஸுக்கு என்ன ஆயில் என்பதிலும் அக்கறை தேவை. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-5 ஆயிலில் சேர்க்கும் கந்தகக் கலவை பழைய கியர் பாக்ஸில் கியர் மாற்றும்போது வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும், அதனால் ஜிஎல்-4 கேட்கும் பெட்டிக்கு அதையே ஊற்றுங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் எரிபொருள் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரமையும் மாற்றுவது நல்லது. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது. டயரின் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியீட்டில் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது.

எனக்கு மிகப் பிடித்த வேலை முன் ஆக்சில் (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு). சக்கரம் திரும்பவும் வேண்டும், திரும்பிய நிலையிலேயே எஞ்சின் அதைச் சுற்றவும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதால் தேய்மானம் முதலில் அங்கேதான் தெரியும். சோதிப்பது சுலபம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள் (வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகவே கூடாது). சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் முளை) பக்கம். இடதும் வலதுமாக ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராட் எண்டை (ஸ்டீயரிங் கம்பியின் மூட்டு) பாருங்கள். குறிப்பிட்ட வேகத்தில் ஒரு பள்ளம் தட்டியதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் உதறுகிறது என்று பலர் பயப்படுவார்களே, அதற்கும் பெரும்பாலும் இந்தத் தேய்மானங்கள்தான் காரணம். புது ஸ்டீயரிங் டாம்பர் (அதிர்வைத் தணிக்கும் கருவி) போட்டால் உதறல் அடங்கியது போலத் தெரியும், தேய்மானம் அப்படியே வளரும்.

லேண்ட் க்ரூசர் 40 மாதிரி மூடிய உருண்டை நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) உள்ள ஆக்சிலில் இன்னொரு அறிகுறி உண்டு. உள்பக்க ஆயில் சீல் போனால் டிஃபரென்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கும். அது கூழாகி, உருண்டையைத் துடைக்கும் வளையத்தைத் தாண்டிச் சக்கரத்தின் உள்பக்கம் வழியும். அதைப் பார்த்த அன்றே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்து பிரேக் ஷூ நனையும்.

ஓட்டிவிட்டு வந்ததும் நான் உடனே வண்டியை விட்டுப் போவதில்லை. பிரேக் அதிகம் பிடிக்காமல் கடைசி தூரத்தைக் கடந்து நிறுத்திவிட்டு, நான்கு ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். நான்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது, இல்லை அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. பிறகு நிறுத்திய இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், விழுந்த இடத்தில் பெயின்டை உரித்தால் பிரேக் ஆயில். கொஞ்ச நேர வேலைதான், ஆனால் நடுவழியில் நிற்க வைத்திருக்கும் பல கோளாறுகளை இதில்தான் முன்கூட்டியே பிடித்திருக்கிறேன்.

சரி, ஓட்டும் விஷயம். பெரும்பாலான பழைய வண்டிகளில் இருப்பது பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ். முன்னும் பின்னும் போகும் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படும், நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். மண்ணிலோ சேற்றிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அது நடக்காமல் முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும், ஃபோர் வீல் லீவரை வெளியே எடுக்கவே வராது. அதனால் தரை இளகிய பிறகுதான் ஃபோர் வீல். ஃப்ரீ வீலிங் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் ஹப்) இருந்தால், ஃபோர் வீல் தேவைப்படாத காலத்திலும் அவ்வப்போது ஹப்பைப் பூட்டி, லீவரை டூ வீலிலேயே வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். முன் ஆக்சிலின் உள்ளே ஆயில் பரவ அது ஒன்றே வழி.

செங்குத்தான இறக்கத்தில் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை), முதல் கியர், கால் கிளட்சை விட்டு விலகி இருக்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். அந்த வேகத்தில், எஞ்சின் சீராக உறுமிக்கொண்டிருக்க, எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்று இருக்கையிலேயே தெரியும். இந்த வண்டிகளை நான் விரும்புவது அதற்காகத்தான். கட்டைவிரல்களை மட்டும் ஸ்டீயரிங் வளையத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் சுழன்று திருப்பி அடிக்கும், கம்பிக்குள் மாட்டிய விரல் முறிந்துவிடும். டயர் காற்றைக் குறைப்பது வின்ச்சைவிடப் பயனுள்ள உதவி. சாலையில் 30 பிஎஸ்ஐ இருக்கும் இலகுவான வண்டிக்கு மண் பாதையில் 20 அளவும், மணலில் 15 அளவும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். சாலைக்குத் திரும்புமுன் காற்றை ஏற்றிவிட வேண்டும்.

தண்ணீரில் இறங்குமுன் நடந்து பாருங்கள், நடக்க முடியாத வேகத்தில் ஓடினால் வண்டியையும் இறக்காதீர்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சில் பிரீதருக்கு (காற்று போய்வரும் துளை) ஒரு ரப்பர் குழாய் மாட்டி உயரத்தில் கட்டிவிட்டால் தப்பிக்கலாம். பிறகு ஆயிலைச் சோதியுங்கள், பால் கலந்த மாதிரி இருந்தால் மாற்ற வேண்டும். எஞ்சின் தண்ணீருக்குள் நின்றுபோனால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். கரையேறியதும் நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது, மெதுவாகப் பிரேக்கை மிதித்தபடி ஓட்டி உலர்த்துங்கள்.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும்போது டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) கயிறு கட்டவே கூடாது. இழுவிசையில் அது அறுந்து பறந்து உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. சேஸிஸில் உறுதியாகப் பொருத்திய கொக்கி அல்லது ஷேக்கிளில் (முளை போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) மட்டும் கட்டுங்கள், சுற்றி நிற்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். வேலையை நீங்களே செய்தால் ஆகும், கூலி கொடுத்துச் செய்தால் பெரும்பாலும் ஆகாது. அதனால் எந்த உதிரிபாகமும் வாங்குவதற்கு முன், உங்கள் மாடலுக்கு நிறுவனம் வெளியிட்ட வொர்க்ஷாப் மேனுவலைத் தேடிப் பிடியுங்கள். அதன் பிறகு மரைக்கு ஏற்ற ஸ்பேனர் செட். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை அளவும், அமெரிக்க வண்டிகளில் அங்குல அளவும், ஜப்பானிய வண்டிகளில் மில்லிமீட்டர் அளவும் வரும். பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு ஒரு நட்டின் முனை மழுங்கினால் அரை நாள் வேலை கூடும்.