மாமா சொன்ன கோர்ஸும் மகள் வரைந்த தெருவும்

அம்மா, போன வாரம் கோவில்பட்டியிலிருந்து மகளையும் அழைத்துக்கொண்டு, அவளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க வந்திருந்தீர்கள். ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்’ என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அப்படிச் சொன்னது தப்பு என்று பட்டது.

டெக்சாஸில் இருக்கும் உங்கள் தம்பி சொன்னார் என்பதற்காக, செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு வருஷம் நாலரை லட்சம் கட்ட, இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைக்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம். நாலு வருஷம் கழித்து எந்தப் படிப்புக்கு வேலை இருக்கும் என்பது தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோவதை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பி.காம்., நர்சிங் பற்றியெல்லாம் ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

நீங்கள் பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் பாப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். மழை பெய்தால் உங்கள் தெருவில் எந்தெந்த வாசலில் தண்ணீர் தேங்கும், புதிதாகப் போட்ட சிமென்ட் ரோடு வாசலைவிட உயர்ந்துபோனதுதான் காரணம் என்று கோடு போட்டுக் காட்டினாள். ‘படிக்கிற நேரத்தில் இதுதான் வேலை’ என்று அலுத்துக்கொண்டீர்கள். அந்த வேலைக்கு ஒரு பட்டப்படிப்பே இருக்கிறது அம்மா. பி.பிளான்., அதாவது நகரமைப்பு.

நாலு வருஷப் படிப்பு. பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருக்க வேண்டும். டெல்லி, போபால், விஜயவாடாவில் இதற்கென்றே மத்திய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. நுழைவு, ஜேஇஇ மெயின் என்ற அகில இந்தியத் தேர்வில் 2பி தாள். அதில் கணக்கு, பொதுத் திறன், திட்டமிடல் பற்றிய கேள்விகள் வரும். ஆர்க்கிடெக்சர் தாளில் உள்ளதுபோல் ஓவியத் தேர்வு கிடையாது. தமிழிலும் எழுதலாம். சேர்ந்தபின் வகுப்பறையில் பாதி, தெருவில் பாதி. ஒரு சந்திப்பில் நின்று வண்டிகளை எண்ணுவார்கள். யார் நடந்து போகிறார்கள், எந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு, கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றுவார்கள்.

ஊர் எப்படி வளர வேண்டும் என்று முன்கூட்டி வகுப்பதை முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) என்பார்கள். 2008-இல் வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐக் குறிவைத்தது. இடையில் 2015 வெள்ளம், 2020 ஊரடங்கு, போனைத் தட்டினால் வாசலுக்கு வரும் ஆட்டோ. இவற்றின் தேதியை யார் முன்கூட்டிக் குறித்து வைத்திருக்க முடியும்? அதனால் இந்தப் படிப்பில் ஜோசியம் சொல்லித் தருவதில்லை. ஊர் இப்படி வளர்ந்தால் என்ன, அப்படி வளர்ந்தால் என்ன என்று இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். எப்படி மாறினாலும் வீணாகாத காரியத்தை முதலில் செய்யச் சொல்வார்கள், ஓடைக்கரையில் கட்டிடம் வராமல் காலியாக விட்டு வைப்பதுபோல. 1973-லேயே ரிட்டல், வெப்பர் என்ற இரண்டு பேராசிரியர்கள் எழுதிவிட்டார்கள்: ஊர்ச் சிக்கலுக்குக் கணக்குப்போல ஒரே விடை கிடையாது, ஒத்திகை பார்க்கவும் வழியில்லை. போட்ட ரோடு போட்டதுதான். உங்கள் தெருவைக் கேட்டால் தெரியும்.

வேலை? நாட்டில் 7,933 நகர்ப்புறங்களில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை என்று 2021-இல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் அறிக்கை சொன்னது. தேவை இருக்கிறது, ஆனால் தேவை இருக்கிற இடமெல்லாம் வேலை ஆகிவிடாது. நகரமைப்பாளர் பதவிக்கு நகரமைப்புப் படிப்பே கட்டாயமில்லை என்ற கூத்தும் சில மாநிலங்களில் உண்டு. தனியார் ஆலோசனை நிறுவனங்களில் முதல் சம்பளம் சாஃப்ட்வேர்காரர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தம்பி இதைத்தான் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொள்ளட்டும், வீட்டுக்கடன் தவணையை அவர் கட்டப்போவதில்லை.

கல்லூரிக்கு முன்பணம் இந்த வாரம் கட்ட வேண்டாம். அடுத்த ஜேஇஇ விண்ணப்பம் திறந்ததும் 2பி தாளையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். பாப்பாவிடம் ஒரு தடவை நேராகவே கேளுங்கள், நான் இல்லாதபோது, தம்பியும் லைனில் இல்லாதபோது.