சொந்தத் தொழில் செய்பவர்கள் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போக எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

திருச்சி துவாக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதெல்லாம் பேருக்குத்தான். அவசர ஆர்டர் பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம்தான் வரும். அதனால் நான் பிடித்து வைத்திருப்பது மின்வாரியத்தின் ஷட்டவுன் நாளை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள். வெல்டிங் மெஷினும் ஓடாது, கிரைண்டரும் ஓடாது. ஜெனரேட்டர் போட்டால் டீசலுக்குக் கட்டுப்படியாகாது. முந்தின நாளே பார்ட்டிகளுக்குப் போன் போட்டு "நாளைக்கு ஷட்டவுன்" என்று சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லாத நாள் என்றால் பள்ளிக்கும் ஒரு லீவு லெட்டர்.

நாளைப் பிடிப்பதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த நாள் வீட்டில் சமைப்பவருக்கும் லீவாக இருக்க வேண்டும். வெளியே கிளம்புகிறோம் என்றாலே வீட்டுப் பெண்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கட்டி முடித்து, வண்டியில் ஏறும்போதே அசந்துபோகிறார்கள். எங்கள் வீட்டில் புளிக்காய்ச்சலை முந்தின ராத்திரியே நான் காய்ச்சி வைத்துவிடுவேன். காலையில் சோற்றை வடித்து ஆறவைத்துக் கிளறுவதை நானும் பெரிய மகளும் பார்த்துக்கொள்வோம். உங்களால் முடியாதா? கடையில் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இடம் பக்கத்திலேயே இருக்கட்டும். நாங்கள் போவது கல்லணை. ஆற்று மணலில் பாறைகளைப் போட்டு, அவை அமிழ அமிழ மேலே இன்னும் அடுக்கி, இடையில் களிமண் பூசிக் கரிகாலன் எழுப்பியது என்பார்கள். அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிந்து போவதைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். இதில் புது ஆறு 1934-இல், மேட்டூர் அணை வந்தபோது வந்த கால்வாய்.

என் அப்பா ஆயுசு முழுக்க வெல்டராக இருந்தவர். போன தடவை, ஷட்டரைத் தூக்கும் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எந்தப் பல் எதைத் தள்ளுகிறது என்று பேத்திக்கு விரலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் விடாமல் கேள்வி கேட்டாள். பட்டறையில் இத்தனை வருஷம் கூடவே நின்ற என்னிடம் அவர் அவ்வளவு பேசியதில்லை. அதற்காகவே மறுபடியும் கூட்டிப்போக வேண்டும் என்றிருக்கிறது.

மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு போனால்தான் பார்க்க அழகு. ஆடிப்பெருக்கும் காணும் பொங்கலும் வேண்டாம், வயசானவர்களை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. அப்புறம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பிள்ளைகளை ஆற்றில் இறங்க விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுப்பும் சுழலும் இருக்கும்.

திரும்பும் வழியில் ராத்திரி டிபனையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டில் சமைப்பவர் உள்ளே நுழைந்ததும் நேரே அடுப்படிக்குத்தான் போவார்.