எதிர்ல துப்பாக்கி இருந்தும் ஏன் வரிசை கட்டி நின்னாங்க?

போன வாரம் அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65, வடக்கு மாநிலங்களுக்கும் பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களுக்கும் நடந்தது) பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு இத்தனை லெட்டர் வரும்னு நினைக்கல. முன்னாடியே சொல்லிடறேன், நான் ஹிஸ்டரி ப்ரொபசர் இல்ல, ஹார்பர்ல கணக்கு எழுதி ரிட்டயர் ஆகி ராயபுரம் வீட்டுத் திண்ணையில புக்கு படிக்கிற ஆளு.

கே: சார், எதிர்ல துப்பாக்கி நீட்டிட்டு நிக்கிறான்னு தெரிஞ்சும் வெட்டவெளியில தோளோட தோள் ஒட்டி நின்னாங்களே, அறிவு வேணாம்? படுத்துக்க கூடவா தோணல? (காசிமேடு வாசகர்)

ப: எனக்கும் ரொம்ப நாளா இதே டவுட்டுதான் தம்பி. அந்த துப்பாக்கிய லோடு பண்றது எப்படின்னு படிச்சப்புறம்தான் வாய மூடினேன். காகிதத் தோட்டாவ பல்லால கடிச்சுக் கிழிக்கணும், மருந்த குழல் வாய்ல கொட்டணும், குண்டு போட்டு நீளக் கம்பியால இடிச்சு இறக்கணும், அப்புறம் தீபாவளி துப்பாக்கிக்கு வைக்கிற பொட்டு கேப்பு மாதிரி ஒண்ணு மாட்டணும், அப்புறம்தான் சுடவே முடியும். இத படுத்துக்கிட்டு செஞ்சு பாருங்க. நல்லா பழகினவனுக்கே நிமிஷத்துக்கு மூணு குண்டுதான். (1857ல நம்ம சிப்பாய்ங்க கடிக்க மாட்டேன்னு சொன்னது என்ஃபீல்டு துப்பாக்கியோட தோட்டாவத்தான், அதே என்ஃபீல்ட அமெரிக்காவுல ரெண்டு பக்கமும் தூக்கினாங்க.) ஒருத்தன் சுட்டா வேலைக்கு ஆகாது, நூறு பேர் சேர்ந்து சுட்டாத்தான் எதிராளிய தடுத்து நிறுத்த முடியும். அதுலயும் புகை இருக்கே, போகி காலையில வியாசர்பாடி எப்படி இருக்கும், அப்படி. வயர்லெஸ் கிடையாது, ஆபீசர் குரலும் மேளமும் கொடியும்தான், பிரிஞ்சு நின்னா எவன் எங்க இருக்கான்னே தெரியாது. கொடி பிடிச்சவன் விழுந்தா அடுத்தவன் உயிரக் கூட பார்க்காம ஓடி வந்து தூக்கினது சும்மா வீரத்துக்கு இல்ல, அந்தக் கொடிதான் மொத்தப் படைக்கும் அட்ரஸ்.

1863 ஜூலைல நடந்த கெட்டிஸ்பர்க் சண்டை முடிஞ்சு களத்துல பொறுக்கின துப்பாக்கி 27,000க்கு மேல, அதுல 24,000 போல லோடு பண்ணபடியே கிடந்துச்சு, நிறைய துப்பாக்கில ஒண்ணு மேல ஒண்ணா குண்டு. பயத்துல கை மட்டும் பழக்கத்துக்கு ஆடியிருக்கு, வெடிச்சுதா இல்லையான்னு கூட அவனுக்குத் தெரியல. இத படிச்ச அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல.

அதனால வரிசைய நான் திட்ட மாட்டேன். திட்டறது தெற்குப் படைத் தளபதி லீயத்தான். 1862 டிசம்பர்ல ஃப்ரெடரிக்ஸ்பர்க்ல கல் சுவருக்குப் பின்னாடி தன் ஆளுங்கள நிறுத்தி, ஏறி வந்த வடக்குப் படைய வரிசை வரிசையா சாய்ச்சத கண்ணால பார்த்த மனுஷன், ஏழு மாசம் கூட ஆகல, கெட்டிஸ்பர்க்ல 12,000க்கு மேல ஆளுங்கள முக்கால் மைல் வெட்டவெளியில நடக்க விட்டாரு, பாதி பேர் செத்தான், இல்ல காயம், இல்ல பிடிபட்டான். சிப்பாய்தான் சீக்கிரம் கத்துக்கிட்டான், 1864ல ஆர்டருக்கு காத்திருக்காம தட்டு, டம்ளர், துப்பாக்கி முனையில மாட்டற கத்தின்னு கையில கிடைச்சதால மண்ணத் தோண்ட ஆரம்பிச்சுட்டான். பீட்டர்ஸ்பர்க்ல ஒன்பது மாசம் பதுங்குகுழி வாழ்க்கைதான்.

கே: ரைஃபிள் குண்டு 500 கஜம் போகும்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் கிட்டப் போய் சுட்டாங்க? (தண்டையார்பேட்டை வாசகர்)

ப: குண்டு மெதுவா, வளைஞ்சு போகும். தூரத்த தப்பா கணிச்சா தலைக்கு மேல போயிடும், குறி பார்க்கற ப்ராக்டிஸும் பெரும்பாலான ஆளுக்கு கிடையாது. கை நீளமா இருந்தா போதுமா, தூரம் பார்க்கத் தெரியணும்ல, நம்ம ஏரியா பாக்ஸிங் பார்த்தவங்களுக்கு இத நான் சொல்லணுமா.

கே: அங்கிள், அந்தப் போர்ல ரயில் யூஸ் பண்ணாங்களா? நம்ம பக்கம் ஏதாவது கனெக்‌ஷன் உண்டா? (வண்ணாரப்பேட்டை, கல்லூரி மாணவி)

ப: பண்ணாங்கம்மா. 1861ல முதல் பெரிய சண்டையான புல் ரன்லயே தெற்குப் படைக்கு ரயில்ல ஆள் வந்து இறங்கித்தான் சண்டையே திரும்புச்சு. நம்ம ராயபுரம் ஸ்டேஷன் அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1856லயே தொறந்துட்டாங்க. கனெக்‌ஷன்னா அலபாமா கப்பல்தான், தெற்குக்காரங்களோடது, 1864 ஜனவரில மலபார் கடல்ல ஒரு அமெரிக்க சரக்குக் கப்பல எரிச்சுட்டு, அதுல இருந்த ஆளுங்கள கேரளாவுல இருக்கிற அஞ்சுதெங்கு கரையில இறக்கி விட்டுட்டுப் போச்சு.