இரண்டாம் உலகப் போரில் 'பாலைவன எலிகள்' என்று அழைக்கப்பட்ட படையினர் யார்? அப்படி ஒரு எலி உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் சிறுவயதில் நான் அதைக் கங்காரு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மாமா வாங்கித் தந்த பிளாஸ்டிக் டாங்கியில் ஒட்டுவதற்கு ஒரு சிவப்புப் பிராணியின் படம் வந்திருந்தது. நெடிய பின்னங்கால்கள், சூம்பிய முன்னங்கால்கள், நீள வால். ஆஸ்திரேலிய டாங்கி என்று வகுப்பு முழுக்கச் சாதித்தேன்.

அது ஜெர்போவா. வட ஆப்பிரிக்கப் பாலையில் வாழும் கொறிக்கும் பிராணி. உடல் உள்ளங்கையில் அடங்கிவிடும், வால் மட்டும் உடலைவிட நீளம். பகலில் வளைக்குள் கிடந்து, இரவில் பின்னங்கால்களால் துள்ளித் துள்ளி இரை தேடும். தண்ணீர் குடிக்காமலேயே காலம் தள்ளும். தின்னும் செடியிலும் விதையிலும் உள்ள ஈரமே அதற்குப் போதும். கறாராகச் சொன்னால் எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல.

1938இல் பிரிட்டன் எகிப்தில் திரட்டிய படை, 1940 பிப்ரவரியில் 7ஆம் கவசப் படைப்பிரிவு, அதாவது டாங்கிப் படை, ஆயிற்று. அதன் தளபதி மைக்கேல் ஓ'மூர் கிரே ஜெர்போவாவைச் சின்னமாக ஏற்றார். அவர் மனைவி கெய்ரோ மிருகக்காட்சிசாலைக்குப் போய் அதைப் பார்த்து வரைந்தார் என்பார்கள். 'பாலைவன எலிகள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். மணலை விட்டு இத்தாலி, நார்மண்டி என்று போன பிறகும் அந்தப் பெயர் அவர்களை விடவில்லை. 1991 வளைகுடாப் போரில்கூட 7ஆம் கவசப் பிரிகேட் அதே எலியோடு போனது.

இவர்களோடு பலரும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு கூட்டம் உண்டு: 'தோப்ருக் எலிகள்'. எனக்கு இவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். 1941 ஏப்ரலில் லிபியாவின் தோப்ருக் துறைமுகத்தை ஜெர்மன் தளபதி ரோமலின் படை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியர்கள். வளைகளிலும் குகைகளிலும் பதுங்கிக் கிடந்த அவர்களை ஜெர்மன் வானொலி எலிகள் என்று ஏளனம் செய்தது. அவர்கள் கோபப்படவில்லை. வசவையே பட்டமாக எடுத்துக்கொண்டு, சுட்டு வீழ்த்திய ஜெர்மன் விமானத்தின் உலோகத்தில் எலிப் பதக்கம் செய்து குத்திக்கொண்டார்கள். ஆக, நான் சொன்ன ஆஸ்திரேலியர்களும் எலிகள்தான், டாங்கிதான் அவர்களுடையதில்லை.

அந்த முற்றுகைக்குள் இந்தியாவின் 18ஆம் குதிரைப்படையும் இருந்தது. குதிரை என்பது பெயரில் மட்டுந்தான். அவர்களும் காலாட்படையினராகவே காவல் குழிகளில் கிடந்தார்கள்.