எலி விரட்டும் கருவிக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: இரவானால் சமையலறை அலமாரிக்குப் பின்னால் சுரண்டும் சத்தம். நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விளம்பரம் செய்த கருவியை வாங்கி மாட்டினோம். நாலைந்து நாள் அமைதி. அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. இன்னும் சக்தி கூடிய மாடல் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வேண்டாம். புதுச் சத்தம் கேட்டால் எலி சில நாள் ஒதுங்கும். அதனால் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் பழகிவிடும். அந்த ஒலி சுவரையும் அலமாரியையும் தாண்டிப் போகாது என்பதால், எலி ஒளிந்திருக்கும் இடத்தை அது எட்டுவதே இல்லை. ஆதாரம் இல்லாமல் இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே கருவி இன்றும் புதுப்புதுப் பெட்டிகளில் விற்பனைக்கு வருவது எனக்கு ஆற்றாமைதான். ரசீது இருந்து, திருப்பித் தரும் கெடுவும் முடியாமல் இருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் உள்ள வாக்குறுதியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் புகார் செய்ய உதவும்.

எதையும் வாங்கும் முன் வந்திருப்பது எது என்று பாருங்கள். புழுக்கையே சொல்லிவிடும். அரிசி அளவில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை நீளம் என்றால் பெரிய எலி. புதியது ஈரப்பளபளப்போடு மெத்தென்று இருக்கும். பழையது வெளிறி, குச்சியால் அழுத்தினால் உதிரும். கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினால் கிருமி தூசியோடு மூச்சில் ஏறும். துடைத்த இடத்தில் மறுநாள் புதிதாகக் கிடந்தால், எலி இன்னும் அந்த வழியாகத்தான் போகிறது.

அடுத்து ஓட்டைகள். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து சுவர் ஓரமாகவே அடித்துக்கொண்டு போங்கள். எலி உடம்பு உரசி உரசி எண்ணெய்ப் பிசுக்கு போலக் கருத்த கோடு தெரியும். அது போய் முடியும் இடத்தில், குழாய் சுவருக்குள் நுழையும் சந்திலோ கதவின் அடியிலோ, வழி இருக்கும். ஒரு பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். இரும்புக் கம்பிநாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் ஃபோம் அடித்தால் கடித்துத் துளைத்துவிடும். கருவிக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குச் செலவழியுங்கள்.

கேள்வி: உள்ளே இருப்பவற்றை எப்படி ஒழிப்பது? கடையில் கேக், பேஸ்ட், பசை அட்டை, பொறி எல்லாம் இருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை உண்டு.

பதில்: குழந்தை இருக்கும் வீட்டில் பொறிதான் என் தேர்வு, அதுவும் குழந்தையின் கை எட்டாத இடத்தில். அடிக்கும் பொறியை இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். வேர்க்கடலை விழுது ஒரு பட்டாணி அளவு போதும். சுண்டெலி புதுப்பொருளைத் தேடி வந்து மோந்து பார்க்கும் ஜாதி, அதனால் முதல் இரவே விழலாம். பெரிய எலி புதியதைக் கண்டால் விலகிப் போகும். அதற்குப் பொறியை விசை ஏற்றாமல் இரையோடு சில நாள் விட்டு, தின்னப் பழகிய பிறகு ஏற்றுங்கள். பசை அட்டையில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மருந்து வாங்கத்தான் வேண்டுமென்றால் உறையில் உள்ள மூலப்பொருளைப் படியுங்கள். ப்ரோமடியோலோன், ப்ரோடிஃபாகூம் ஆகியவை ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. எலி சாகப் பல நாள் ஆகும், சுவருக்குள் செத்தால் நாற்றம் தாங்காது. ஆனால் தவறி உட்கொண்டவருக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டுக்கும் துத்தநாக பாஸ்பைடுக்கும் மாற்று மருந்தே கிடையாது. பாஸ்பரஸ் தின்றவர் ஓரிரு நாள் தெளிந்தது போல இருந்து, பிறகு கல்லீரல் செயலிழந்து போகலாம். இவை இரண்டும் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே கூடாது. எந்த எலி மருந்தானாலும் குழந்தை வாயில் வைத்தது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், உறையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் வருட ஒப்பந்தம் போடச் சொல்கிறது. போடலாமா?

பதில்: ஓட்டைகளை அடைப்பது அதில் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள். மருந்து வைப்பது மட்டும் என்றால் புது எலி வந்துகொண்டே இருக்கும், நீங்களும் பணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். வைக்கும் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுமுறை எப்போது வருவார்கள் என்பதும் முக்கியம். சுண்டெலி சினைப்பட்ட மூன்றே வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஐந்தாறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையாவது வந்து பொறிகளையும் அடைத்த இடங்களையும் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தால் போடலாம்.