பயிற்சியில் கற்றதை ஊழியர்கள் வேலையில் பயன்படுத்த வைப்பது எப்படி?

பயிற்சியில் நன்றாகச் செய்தவர்கள் வேலைக்குத் திரும்பியதும் பழைய முறைக்கே போய்விடுவதற்கு மறதி மட்டும் காரணமில்லை. 1988இல் பால்ட்வின், ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மூன்று காரணிகளைச் சுட்டியது: கற்பவர், பயிற்சியின் வடிவமைப்பு, பணிச்சூழல். மூன்றாவதைத்தான் பல நிறுவனங்கள் கண்டுகொள்வதில்லை.

முதலில் மேலாளரைப் பிடியுங்கள். பயிற்சிக்கு முன்பே அவர் ஊழியரோடு 10 நிமிடம் உட்கார்ந்து, கற்கப்போவதை எந்த வேலையில் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு வேலை போதும். திரும்பிய முதல் வாரத்திலேயே அதைக் கொடுத்துவிட வேண்டும். புதிய மென்பொருள் 2 மாதம் கழித்துத்தான் கணினியில் ஏறும் என்றால், பயிற்சியைத் தள்ளிப்போடுவதே மேல்.

புதிய முறையில் தொடக்கத்தில் வேகம் குறையும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். அன்றாட இலக்கு அப்படியே இருந்தால் ஊழியர் கைபழகிய வழிக்கே ஓடுவார். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. 2, 3 வாரங்களுக்கு இலக்கைக் குறைத்துக் கொடுங்கள். பழைய படிவங்களையும் அகற்றிவிடுங்கள். பழையதும் புதியதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கை பழையதைத்தான் எடுக்கும்.

படிகளை ஒரே பக்கத்தில் எழுதி, வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். தடித்த கையேட்டை அவசரத்தில் யாரும் புரட்டுவதில்லை. "இனி கவனமாகப் பேசுவேன்" என்ற உறுதிமொழியும் உதவாது. "வாடிக்கையாளர் புகாரோடு அழைத்தால், பதில் சொல்லுமுன் புகாரைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்வேன்" என்று சூழலோடு சேர்த்து எழுத வையுங்கள்.

30 நாள் கழித்து மேலாளர் நேரில் பார்க்கட்டும்: செய்கிறாரா, இல்லையென்றால் தடுப்பது எது? கருவி இல்லை, அனுமதி இல்லை என்று பதில் வந்தால், இன்னொரு பயிற்சி நடத்தாதீர்கள். அதை வாங்கிக் கொடுங்கள்.